பொம்மையைப் பேணும் குழந்தை, மனிதரையும் பேணக் கற்றுக்கொள்கிறதா?

தேன்துளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. இன்னும் மூன்று மாதங்களில் எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இருப்பதால், அவனைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம் என்று கைக்குழந்தை உருவில் ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு வாரங்களாக அவன் அதை விட்டுப் பிரிவதில்லை. காலையில் எழுந்ததும் அதன் போர்வையை விலக்கி, "பசிக்கிறதா?" என்று கேட்டு, வெறும் கிண்ணத்திலிருந்து கரண்டியால் ஊட்டி, வாயையும் துடைத்துவிட்ட பிறகுதான் தன் பாலைக் குடிக்கிறான்.

ஆனால் நேற்று மாலை அதே பொம்மையைச் சுவரோரம் உட்காரவைத்து, விரலை நீட்டி, "எத்தனை முறை சொல்வது? சொன்னால் கேட்கவே மாட்டாயா?" என்று அதட்டிவிட்டு, முதுகில் இரண்டு அடியும் கொடுத்தான். எனக்கு நெஞ்சு பகீரென்றது. நாங்கள் அவனை அடித்ததில்லை; ஆனால் அந்தச் சொற்களும் அந்தக் குரலும் என்னுடையவை என்பதை மறைக்க விரும்பவில்லை.

பொம்மை விளையாட்டு உண்மையிலேயே பரிவை வளர்க்கிறதா, அல்லது கண்டதைத் திருப்பிச் செய்வதோடு முடிந்துவிடுகிறதா? பொம்மையை அடிக்கும்போது நான் தடுக்க வேண்டுமா? ஆண் குழந்தைக்கு எதற்குப் பொம்மை என்று உறவினர் சிலர் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மழலைவகுப்பு எழுதியது:

வணக்கம், சகோதரி. மழலையர் வகுப்பில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வகுப்பின் ஒரு மூலையில் எப்போதும் சில பொம்மைகளும் ஒரு சிறிய கட்டிலும் இருக்கும். அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தே குழந்தைகளைப் பற்றி நான் பெரும்பாலும் அறிந்துகொண்டேன்.

இந்த விளையாட்டுக்கு ஒரு வளர்ச்சி வரிசை உண்டு. ஒரு வயதை ஒட்டிய குழந்தை வெற்றுக் கோப்பையைத் தன் வாயில் வைத்துத்தான் குடிப்பதுபோலப் பாவனை செய்யும். அந்த விளையாட்டில் அதைத் தவிர வேறு யாரும் இல்லை. ஒன்றரை வயதுக்குப் பிறகு அதே கோப்பை பொம்மையின் வாய்க்குப் போகிறது. 'எனக்குப் பசிப்பதுபோல இன்னொருவருக்கும் பசிக்கும்' என்ற எண்ணம் கையின் அசைவாக வெளிப்படும் முதல் இடங்களில் அது ஒன்று என்பதால், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சலிப்பதில்லை. அப்போதும் பொம்மை ஊட்டப்படும் பொருளாகத்தான் இருக்கும். இரண்டரை வயதைத் தாண்டும்போது கரண்டியைப் பொம்மையின் கையிலேயே கொடுக்கிறார்கள். அதற்கு விருப்பமும் அச்சமும் வந்துவிடுகின்றன. "இதற்கு இருட்டு பிடிக்காது, விளக்கை அணைக்காதீர்கள்" என்கிறார்கள். உங்கள் மகன் "பசிக்கிறதா?" என்று கேட்கிறான் அல்லவா, அந்தக் கேள்வி இந்தக் கட்டத்துக்கு உரியது. தனக்குத் தெரியாத ஒன்று பொம்மைக்குள் நிகழ்கிறது, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவன் எண்ணுகிறான்.

இன்னொன்றையும் பலமுறை கவனித்திருக்கிறேன். தன் முறை வரும்வரை அரை நிமிடம்கூடப் பொறுக்காத பிள்ளை, 'அம்மா'வாகவோ 'அப்பா'வாகவோ மாறியவுடன், தூங்கும் பொம்மை விழித்துவிடக் கூடாது என்று நெடுநேரம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறது. உருசிய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையொன்றில், பாவனை விளையாட்டிலும் விதிகள் இருக்கின்றன என்றும், ஏற்றுக்கொண்ட பாத்திரமே குழந்தையைக் கட்டுப்படுத்துகிறது என்றும், விளையாட்டில் குழந்தை தன் வயதுக்கு மீறி நடந்துகொள்கிறது என்றும் விளக்கினார். பேணுதல் என்பதில் பாதிக்கு மேல் தன் விருப்பத்தை ஒத்திவைப்பதுதான். அதைக் குழந்தை அறிவுரையால் கற்பதைவிட, இப்படி ஒரு பாத்திரத்துக்குள் இருந்துகொண்டு எளிதாகப் பழகுகிறது என்பது என் கருத்து.

அடித்ததைப் பற்றி: பதற வேண்டாம், ஆனால் பார்க்காததுபோல நகர்ந்துவிடவும் வேண்டாம். "அடிக்காதே" என்று பொம்மையைப் பிடுங்கினால், அவன் மறைவில் விளையாடக் கற்றுக்கொள்வான். உங்களுக்குத் திறந்திருந்த கதவு மூடிக்கொள்ளும். அருகில் அமர்ந்து, "குழந்தை அழுகிறதே, அதற்கு எங்கே வலிக்கிறது? இப்போது அதற்கு என்ன வேண்டும்?" என்று விளையாட்டுக்குள்ளிருந்தே கேளுங்கள். அடித்த பொம்மையை உடனே தடவிக்கொடுக்கும் பிள்ளைகள் பலர். தடவிக்கொடுக்காவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம். அதே விளையாட்டு வாரக்கணக்கில், மாற்றமே இல்லாமல், மூர்க்கத்துடன் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் குழந்தைநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ பேசுவது நல்லது.

ஆய்வுநோக்கு எழுதியது:

ஆசிரியை கூறியவற்றுடன் எனக்கு உடன்பாடே. 'உண்மையிலேயே வளர்க்கிறதா' என்ற முதல் கேள்விக்கு மட்டும், ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைச் சேர்க்கிறேன். இதில் மிகைப்படுத்தல் அதிகம்.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா கெர்சன் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. நான்கு வயது முதல் எட்டு வயது வரையிலான 33 குழந்தைகள் பொம்மைகளுடனும் டேப்லெட் விளையாட்டுகளுடனும், தனியாகவும் மற்றொருவருடன் சேர்ந்தும் விளையாடியபோது, தலையில் அணிவித்த தொப்பி வழியாக ஒளியைச் செலுத்தி மூளையின் இரத்த ஓட்ட மாற்றங்களை அளந்தார்கள். பிறர் மனத்தை உணர்வதோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு மூளைப் பகுதி, மற்றொருவருடன் விளையாடும்போது இரண்டு வகை விளையாட்டிலும் செயல்பட்டது. தனியாக விளையாடும்போதோ, டேப்லெட்டைவிடப் பொம்மை விளையாட்டில் கூடுதலாகச் செயல்பட்டது. அருகில் யாருமே இல்லாதபோதும் பொம்மையை முன்னிறுத்திக் குழந்தை இன்னொருவரைப் பற்றிச் சிந்திக்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆண், பெண் குழந்தைகளிடையே இதில் வேறுபாடு காணப்படவில்லை. உறவினர்களின் கேள்விக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

ஆனால் இந்த ஆய்வுக்கு நிதி அளித்தது பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதனாலேயே முடிவு பொய்யாகிவிடாது. எனினும், விளையாடும் நேரத்தில் ஒரு மூளைப் பகுதி செயல்படுவது வேறு, அந்தக் குழந்தை நாளை அழும் தம்பியைத் தேற்றுவது வேறு. முன்னதை அளந்த ஆய்வைப் பின்னதற்குச் சான்றாகக் காட்டுவது சரியன்று. பாவனை விளையாட்டைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 2013-இல் திரட்டி மதிப்பிட்ட உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் அவருடைய சகாக்களும், அவ்விளையாட்டுதான் வளர்ச்சிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தார்கள். பல வழிகளில் அதுவும் ஒரு வழியாக இருக்கலாம். பரிவுள்ள பெரியவர்களிடம் வளரும் குழந்தையிடம், பரிவு, விளையாட்டு ஆகிய இரண்டும் ஒருசேரத் தோன்றுவதாகவும் இருக்கலாம்.

உங்கள் நேற்றைய அனுபவத்துக்கு மிக நெருக்கமானது இன்னும் பழைய ஓர் ஆய்வு. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட 72 குழந்தைகளை வைத்து, காற்றடைத்த பொம்மையொன்றைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைச் சிலருக்கும், பெரியவர் அமைதியாக இருப்பதைச் சிலருக்கும் காட்டினார். எஞ்சியவர்களுக்கு எதையும் காட்டவில்லை. அடிப்பதைப் பார்த்த குழந்தைகளில் பலர் அதே செயல்களையும் அதே சொற்களையும் அப்படியே திருப்பிச் செய்தார்கள். பொம்மை தன்னளவில் பரிவையும் போதிப்பதில்லை, வன்மையையும் போதிப்பதில்லை. குழந்தை எதைக் கொண்டுவருகிறதோ அதை ஒத்திகை பார்க்க இடம் கொடுக்கிறது. காலையில் அவன் வாயைத் துடைத்துவிட்டதும் உங்களிடமிருந்து வந்ததுதான் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

இருமகன்தந்தை எழுதியது:

ஆண் குழந்தை பற்றிய கேள்விக்கு மட்டும் ஒரு சொல். நான் சிறுவனாக இருந்தபோது என் கையிலிருந்த பொம்மையை வாங்கி என் தங்கையிடம் கொடுத்தார்கள். என் மூத்த மகன் பிறந்த அன்று அவனைக் கையில் வாங்கவே அஞ்சினேன். தலையை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் என் மகன்கள் இருவருக்கும் பொம்மை வாங்கிக் கொடுத்தேன், அவர்களோடு அமர்ந்து நானும் அதைக் குளிப்பாட்டினேன். உங்கள் கணவரையும் அந்த விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. அப்பா பொம்மைக்கு உடை மாற்றுவதைப் பார்க்கும் பையனுக்கு உறவினர்களின் பேச்சு பெரிதாகத் தோன்றாது.

தேன்துளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை மீண்டும் பொம்மையை அதட்டத் தொடங்கினான். ஆசிரியை சொன்னபடி அருகில் அமர்ந்து, "குழந்தை ஏன் அழுகிறது?" என்று கேட்டேன். "சத்தம் போட்டால் அதற்குப் பயம்" என்றான். என்னால் உடனே பேச முடியவில்லை. பிறகு பொம்மையிடமே, "சத்தம் போட்டதற்கு மன்னித்துக்கொள்" என்று சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதற்குப் போர்வை போர்த்தினான்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் பொம்மையை எடுத்து வைத்துவிடலாமா? உண்மையான குழந்தையையும் பொம்மையைப்போலவே தூக்கிவிடுவானோ என்று அஞ்சுகிறேன்.

மழலைவகுப்பு எழுதியது:

எடுத்து வைக்காதீர்கள், சகோதரி. நீங்கள் பாலூட்டும் நேரத்தில் அவனுக்கும் ஒரு குழந்தை மடியில் இருக்கட்டும். அந்த நேரத்தில்தான் மூத்த பிள்ளைக்குத் தனிமை அதிகம். ஆனால் உங்கள் அச்சம் நியாயமானது. இந்த வயதில் அவன் பொம்மையை ஒரு கையால் காலைப் பிடித்துத் தூக்கி நடப்பான், அதில் தவறு ஏதும் இல்லை. அதனால் பச்சிளங்குழந்தையை அவனிடம் ஒரு நொடிகூடத் தனியே விட வேண்டாம். அவனைத் தரையில் உட்காரவைத்து, மடியில் தலையணை வைத்து, குழந்தையின் தலையையும் கழுத்தையும் உங்கள் கையால் நீங்களே தாங்கிக்கொள்ளுங்கள். அதை இந்த மூன்று மாதங்களில் பொம்மையை வைத்தே தினம் ஒரு முறை செய்து பழக்கலாம்.