வாழ்நாள் இலக்கு 11 இருக்கிறது, ஒன்றாகக் குறைப்பது எப்படி?

கேள்வி: திசைமானி

எழுதிப் பார்த்ததில் பட்டியல் 11-ல் வந்து நிற்கிறது. சம்பளத்தை நம்பாமல் வாழுமளவு சேமிப்பு, ஒரு நாவல், ஜப்பானிய மொழி சரளமாக, முழு மாரத்தான், பிள்ளைகளோடு கடைசிவரை நெருக்கம், மன நிம்மதி, துறையில் நாலு பேர் மதிக்கும் பெயர், இன்னும் இப்படி நாலு. இவற்றுக்கென்று ஒதுக்க முடிந்த நேரம் வாரத்துக்கு 7 மணி. அதற்கு மேல் இழுக்க வழியில்லை.

இதிலிருந்து ஒன்றோ இரண்டோ எப்படிப் பிரித்தெடுப்பது? எடுத்ததை அன்றாட வேலையாக மாற்றுவது எப்படி? நடுவில் "இது சரிவராது" என்று தோன்றினால் அது சோம்பலா, உண்மையா என்று எதை வைத்துச் சொல்வது? "மனசு சொல்றதைக் கேளுங்க" வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ். மனசு 11 சொல்கிறது, பிரச்சினையே அதுதான்.

பதில் 1: படிக்கல்

தேர்வு செய்வதற்கு முன் பட்டியலை மூன்று ரகமாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் ரகம், முடிகிறவை. மாரத்தான் 42.195 கிலோமீட்டர், கோட்டைத் தாண்டினால் தீர்ந்தது. நாவலும் அப்படித்தான். இரண்டாவது, முடிவே இல்லாதவை. பிள்ளைகளோடு நெருக்கம் என்பதற்கு எதிரே டிக் போடும் நாள் வராது. மூன்றாவது, வேறொன்றின் பின்னாலேயே வருபவை. நிம்மதியும் பெயரும் இந்த ரகம். வரலாம், வராமலும் போகலாம். நேரடியாக உட்கார்ந்து செய்ய அங்கே வேலை எதுவும் இல்லை. இவற்றை அடித்துவிடுங்கள். (தினமும் 20 நிமிடம் தியானம் என்று எழுதினால் அது வேறு. அது செய்யக்கூடிய வேலை, பட்டியலில் இருக்கட்டும்.)

மிச்சம் ஒவ்வொன்றையும் "எதற்காக?" என்று குடையுங்கள். பணம் எதற்கு? வேலையை விட. வேலையை விடுவது எதற்கு? எழுத. அப்படியென்றால் இலக்கு எழுத்து, பணம் அதற்கு வண்டி. செல்வம் எப்போதும் இன்னொன்றுக்காகத் தேடப்படுவது, ஆகவே அது இறுதி நோக்கமாக இருக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் வாதிட்டதும் இதே வழியில்தான். பெரும்பாலும் மூன்று நான்கு கேள்வியிலேயே ஓர் இடத்தில் முட்டி நிற்கும். அதையும் தாண்டிப் போனால் எல்லாமே "சந்தோஷத்துக்காக" என்ற ஒரே பதிலில் போய் விழும். அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு மணிக்கணக்கு. வாரம் 7 மணி, வருடத்துக்கு 50 வாரம், ஆக 350 மணி. இதை வைத்து அளந்து பாருங்கள்.

ஜப்பானிய மொழிக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் போடும் கணக்கு 2,200 வகுப்பு மணி. வீட்டுப் பாடம் தனி. 350-ஆல் வகுத்தால் ஆறு வருடத்துக்கு மேல், அதுவும் வேறெதையும் தொடாமல் இருந்தால். இது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு. தமிழைப் போல அங்கேயும் வினைச்சொல் கடைசியில் வருவதால் வாக்கிய அமைப்பில் நமக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கான கான்ஜி (சீனத்திலிருந்து வந்த) எழுத்துகளே 2,136. அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

நாவல்: 80,000 சொல், மணிக்கு 300 சொல் என்றால் முதல் வரைவுக்கு 267 மணி. திருத்தி எழுதுவது அதே அளவு, சில சமயம் ஒன்றரை மடங்கு. திட்டமிடுவதையும் சேர்த்து 700 மணி வைத்துக்கொள்ளுங்கள்.

மாரத்தான்: ஏற்கெனவே ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட முடிகிறவருக்கு 16 முதல் 20 வாரம், வாரம் நாலைந்து மணி. மொத்தம் 100 மணிக்குள் அடங்கும். இதை வாழ்நாள் இலக்கு என்று எழுதுவதே தப்பு. ஒரு பருவத்து வேலை, இடையில் எங்காவது செருகிக்கொள்ளலாம்.

பதில் 2: கூட்டல் கழித்தல்

பணத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுக்கு உங்க 7 மணி நேரம் தேவையே இல்லை. அதைத் தீர்மானிக்கிறது சேமிப்பு விகிதம்தான்.

வழக்கமான கணக்கு, வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துட்டா சம்பளம் இல்லாம வாழலாம்ங்கிறது. விலைவாசி போக 5% வருமானம் நிக்கும்னு வெச்சா, சம்பாதிக்கிறதில் பாதியைச் சேமிக்கிறவருக்கு சுமார் 17 வருஷம். 20% சேமிக்கிறவருக்கு சுமார் 37. வித்தியாசம் ஏன் இவ்வளவுன்னா, அதிகம் சேமிக்கிறவருக்குச் செலவு குறைவு. அதனால எட்ட வேண்டிய தொகையும் சேர்ந்து இறங்கிடுது.

தப்பு நடக்கிற இடம் ரெண்டு. 25 மடங்கு வந்தது 1994-ல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் போட்ட 4% கணக்கிலிருந்து, அதாவது ஓய்வின் முதல் வருஷம் சேமிப்பில் 4% எடுத்துச் செலவழிக்கலாம்ங்கிறது. அது அமெரிக்கச் சந்தைத் தரவு, 30 வருஷ ஓய்வுக் காலத்துக்குப் பார்த்தது. 40 வயசில் வேலையை விடுறவருக்கு 50 வருஷம் தாங்கணும், அப்போ 30 மடங்குக்கு மேல யோசிக்கணும். இன்னொண்ணு, 4%ங்கிறது முதல் வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷத்திலிருந்து அதே தொகையை விலைவாசிக்கு ஏத்தி எடுக்கணும். வருஷா வருஷம் மீதியில் 4%னு எடுக்கிறது வேற முறை, அதில் வருமானம் மேலயும் கீழயும் ஆடும்.

படிக்கல் சொன்ன "வண்டி" விஷயத்துக்கு ஆதரவா ஒண்ணு: உளவியலாளர்கள் டிம் காசரும் ரிச்சர்ட் ரயனும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பணத்தில் ஜெயிக்கிறதை மத்த எல்லா ஆசைக்கும் மேல வெச்சவங்களுக்கு மனநலம் குறைவா இருந்தது. பணம் இருந்ததால இல்லை, அதை உச்சியில் வெச்சதோட சேர்ந்து போச்சு. எது காரணம், எது விளைவுன்னு அந்த ஒரு ஆய்வை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது.

பதில் 3: ஒற்றைவரி நோட்டு

இதற்குள் யாராவது வந்து "1953-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3% பேர் பிற்காலத்தில் மற்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள்..." என்று ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. சுயமுன்னேற்ற மேடைகளில் வாய்வழியாகப் பரவிய கதை. அதேபோல, இகிகாய் (வாழ்வதற்கான காரணம் என்ற பொருளுள்ள ஜப்பானியச் சொல்) என்று சுற்றும் நான்கு வட்டப் படமும் (பிடித்தது, திறமை உள்ளது, உலகுக்குத் தேவை, பணம் தருவது) ஜப்பானிலிருந்து வந்ததில்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் வாழ்க்கை நோக்கத்துக்காக வரைந்த படத்தின் நடுவில் 2014-ல் ஒரு வலைப்பதிவர் அந்தச் சொல்லைப் போட்டார். படம் பயன்படாது என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு வட்டமும் ஒன்றாக வெட்டிக்கொள்ளும் இடம் கிடைக்காமல் வருடக்கணக்கில் தவிப்பவர்களுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் மூச்சு வரும்.

உறுதியான விஷயம் வேறு இருக்கிறது. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் கட்டிவைப்பது. உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இது நன்றாகவே வேலை செய்தது. நாவலுக்கு எழுதினால் அட்டை இப்படி இருக்கும்:

"செவ்வாய், வியாழன், சனி. காலையில் பல் தேய்த்து முடித்ததும், போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து, போன முறை பாதியில் விட்ட வாக்கியத்தை முடிப்பேன்."

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். தொடக்க மணி "6.00" என்று இல்லை, பல் தேய்ப்பது என்ற ஏற்கெனவே நடக்கும் செயல் இருக்கிறது. எழுந்திருக்க 20 நிமிடம் தாமதமானாலும் சங்கிலி அறுகாது. போன் எங்கே இருக்கும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் அசைவு மிகச் சின்னது. "ஒரு அத்தியாயம் எழுதுவேன்" என்று போட்டால் உட்காருவதற்கே பயமாக இருக்கும். வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுவது அதற்காகத்தான்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துப் பார்த்தபோது நடுமதிப்பு 66 நாள்; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது.

"நான் எழுத்தாளர் ஆகப்போகிறேன்" என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். அடையாளம் சார்ந்த இலக்கை அடுத்தவர் கேட்டுத் தலையாட்டிவிட்டால், பாதி ஆகிவிட்ட திருப்தி வந்து உழைப்பு குறைகிறது என்று கோல்விட்சர் குழு 2009-ல் காட்டியது. "சனிக்கிழமை 10 பக்கம் அனுப்புகிறேன்" என்று ஒரே ஒருவரிடம் சொல்வது வேறு. அது கடன், பட்டம் அல்ல.

பதில் 4: மறுபக்கம்

படிக்கல் கொடுத்த மணிக்கணக்கு நல்ல கணக்கு, ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ற கணக்கு. ஆய்வறிக்கை எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டதில் (பியூலர், கிரிஃபின், ராஸ், 1994) சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். அதனால் எதைப் போட்டாலும் 1.6-ஆல் பெருக்கிவிட்டுப் பாருங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. சோம்பலா உண்மையா என்பதை மனநிலையை வைத்துப் பார்க்காதீர்கள், பதிவேட்டை வைத்துப் பாருங்கள். கடந்த 12 வாரத்தில் எத்தனை வாரம் ஒதுக்கிய மணி நேரத்தைக் கொடுத்தீர்கள்? 8-க்குக் கீழே என்றால் இலக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உங்களிடம் இன்னும் ஆதாரமே இல்லை. கோளாறு நேர ஒதுக்கீட்டில் இருக்கிறது. நாளையோ இடத்தையோ மாற்றிவிட்டு இன்னொரு 12 வாரம் ஓட்டுங்கள். 8-க்கு மேல் கொடுத்தும், அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் நேரமே கசக்கிறது, முடிந்தபின் கிடைக்கும் பெயர் மட்டும் இனிக்கிறது என்றால், விட்டுவிடலாம். (8 என்பது நான் போட்டுக்கொண்ட கோடு. 7 என்று வைத்தாலும் குடி முழுகாது, ஆனால் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள்.)

விடும் அன்றே அந்த நேரத்தில் அடுத்து எது உட்காரும் என்றும் முடிவு செய்துவிடுங்கள். எட்ட முடியாத இலக்கை விடத் தெரிந்தவர்களும், அந்த இடத்தில் வேறொன்றைப் பிடித்துக்கொண்டவர்களும் நன்றாக இருந்தார்கள் என்பதுதான் கார்ஸ்டன் ரோஷ் குழு 2003-ல் கண்டது. வெறுமனே விட்ட நேரத்தை போன் தின்றுவிடும்.

"இறுதி" என்ற சொல்லையும் அவ்வளவு கெட்டியாகப் பிடிக்க வேண்டாம். 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு 2013-ல் வந்தது: எல்லா வயதினரும் போன 10 வருடத்தில் நிறைய மாறிவிட்டோம் என்றார்கள், அடுத்த 10 வருடத்தில் அவ்வளவு மாறமாட்டோம் என்றும் சொன்னார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை "எதற்காக?" கேள்வியை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

திசைமானி

அருமை, நன்றி. குடைந்ததில் நாவலும் பிள்ளைகளும் நின்றன. சேமிப்பு தானியங்கியாகப் போகட்டும், மாரத்தானை அடுத்த வருடம் எங்காவது செருகுகிறேன், ஜப்பானிய மொழிக்கு இப்போதைக்குக் கும்பிடு. நாவலுக்கு 5 மணி, பிள்ளைகளுக்கு 2 மணி. 700-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 1,120 மணி, 224 வாரம், நாலரை வருடம். பெரியவனுக்கு 14 வயது. இந்த இரண்டு மணி நேரத்தில் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது?

பதில் 5: படிக்கல்

முன்னேற்றத்தை அளக்காதீர்கள். கொடுத்த நேரத்தை மட்டும் குறியுங்கள். நெருக்கத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் அந்த இரண்டு மணி நேரமும் விசாரணை ஆகிவிடும், 14 வயதுக்காரர்கள் அதை இரண்டே நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் இருந்து ஏதாவது செய்வது எளிது: நடை, சைக்கிள் பழுதுபார்ப்பது. எந்த நாள் என்பதை நீங்கள் குறியுங்கள், வேலையை அவன் தேர்ந்தெடுக்கட்டும்.

கணக்கு ஒன்று மட்டும். அவனுக்கு 18 ஆக 4 வருடம். வாரம் 2 மணி என்றால் மொத்தம் 400 மணி, அவ்வளவுதான். நாவலிலிருந்து ஒரு மணி எடுத்து இங்கே போட்டால் 600. நாவல் அப்போது 280 வாரத்துக்குப் போகும், அதாவது கூட ஒரு வருடம். அதற்கு யாரும் கெடு வைக்கவில்லையே?