2009 ஆல்டோ, கையில் 25,000 ரூபாய்: எந்த வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம்?

தாராபுரம்_ஆல்டோ:

எல்லாருக்கும் வணக்கம். வயது 19, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். லைசென்ஸ் இருக்கு. மாருதி ஆல்டோ எல்எக்ஸ்ஐ, 2009 பதிவு, மூணாவது ஓனரா வாங்கியிருக்கேன். மீட்டரில் 1,12,000 கி.மீ. சர்வீஸ் பில் ஒண்ணுகூட இல்லை. முடிஞ்ச வரைக்கும் வாசலிலேயே நானே செய்யணும்னு ஆசை. ஸ்பேனர் செட், வண்டியோடு வந்த ஜாக்கி, மல்டிமீட்டர் கையில் இருக்கு.

குறைகள் இவ்வளவு: சிக்னலில் நின்னா ஹீட் முள் ஏறுது, ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது. ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை, செங்கல் நிறத்தில் வெறும் தண்ணி. பிரேக் முதல் மிதியில் ரொம்ப இறங்குது, ரெண்டாவது மிதியில்தான் பிடிக்குது. அழுத்திப் பிடிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குது. காலையில் செல்ஃப் தயங்கித் தயங்கிச் சுத்துது, ஆனா பேட்டரி புதுசு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா முன்னாடி டக் டக்னு சத்தம். டிரைவர் பக்கம் மேட்டுக்கு அடியில் ஈரமும் துருவும். மைலேஜ் 11.

பட்ஜெட் 25,000. அலாய் வீல், ஆண்ட்ராய்டு செட் ரெண்டும் இதுக்குள்ள அடங்குமா? எதை முதலில் செய்யலாம்?

பட்டறைக்காரர்:

தம்பி, பிரேக்கைப் பார்க்காம அந்த வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்காதே. மத்த கோளாறெல்லாம் வண்டியை நிறுத்தும். இது நிறுத்த விடாது.

முதல் மிதியில் இறங்கி ரெண்டாவதில் பிடிக்குதுன்னா பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். ஷூ தேஞ்சிருக்கும், இல்லாட்டி தானா நெருங்க வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடிச்சு நின்னிருக்கும். லைனில் காத்து இருந்தா மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், அது வேற. இன்னொரு சோதனையும் செஞ்சு பாரு: எஞ்சின் ஓடும்போது பெடலை மிதிச்சபடியே அரை நிமிஷம் பிடி. மெதுவா இறங்கிக்கிட்டே போய், வெளியே எங்கேயும் ஒழுகலும் இல்லைன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள, அதாவது பெடல் நேரா தள்ளுற சிலிண்டருக்குள்ள, ரப்பர் கப் வாஷர் போச்சு.

இடது பக்கம் இழுக்குதுன்னதும் எல்லாரும் இடது சக்கரத்தைக் கழட்டுவாங்க. முதலில் பார்க்க வேண்டியது வலது. இடது ஒழுங்கா பிடிக்குது, வலது பிடிக்கலை, அதனாலதான் இழுக்குது. வலது முன் காலிப்பரை, அதாவது பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கிற பாகத்தை, கழட்டி அதன் ரெண்டு ஸ்லைடு பின்னும் கையால் இழுத்தா வருதான்னு பாரு. இறுகியிருந்தா துருவை எமரி பேப்பரில் சுத்தம் பண்ணி, பிரேக்குக்குன்னே விக்கிற சிலிக்கான் கிரீஸ் தடவு. சாதா மஞ்சள் கிரீஸ் அங்கே ஆகாது. ரப்பரை ஊத வைக்கும், பின் திரும்பவும் இறுகும். பேட் லைனிங் 3 எம்எம்-க்குக் கீழே போயிருந்தா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்து. கழட்டின காலிப்பரை ஹோஸில் தொங்க விடாதே, கம்பி போட்டுக் கட்டி வை.

பின் டிரம்மைக் கழட்டும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கி விடு. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. டிரம் ஒட்டியிருந்தா விளிம்பில் ஓங்கி அடிக்காதே, உடைஞ்சிடும். புல்லரை வாடகைக்கு எடு. உள்ளே ஸ்பிரிங் மாட்டியிருக்கிற விதத்தைப் போட்டோ எடுத்துக்கோ. ஒரு பக்கம் முடிச்ச பிறகே மறுபக்கத்தைப் பிரி, அப்பத்தான் சந்தேகம் வந்தா பார்த்துக்க ஒரு மாதிரி மிஞ்சும். ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசா விலக்கிப் பாரு: உள்ளே ஈரம் இருந்தா சிலிண்டர் ஒழுகுது. ஆயில் குடிச்ச ஷூவைத் தேய்ச்சுப் போட்டாலும் பிடிக்காது, தூக்கிப் போடு. பிரேக் தூசியைக் காத்தடிச்சு ஊதாதே, ஈரத்துணியால் துடை.

ஜாக்கியைப் பத்தி ஒரு வார்த்தை. வண்டியோடு வர்ற கத்திரி ஜாக்கி ஸ்டெப்னி மாத்த மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதே. ரெண்டு ஸ்டாண்டு வாங்கு, ஃபுளோர் ஜாக்கியை யார்கிட்டயாவது கேட்டு வாங்கிக்கோ. கழட்டின சக்கரத்தையும் வண்டிக்கு அடியிலேயே படுக்க வை. செங்கல் வேண்டவே வேண்டாம், பாரம் ஏறினா ஒரே நொடியில் நொறுங்கும்.

பிரேக்குக்கு அடுத்தது டயர். ஆல்டோவுக்கு 145/80 ஆர்12. பக்கச் சுவரில் DOT-ங்கிற எழுத்துக்குப் பின்னால் வர்ற கடைசி நாலு எண்ணைப் பாரு: 2317ன்னா 2017-ம் வருடம் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தா, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் தேயாம இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் வழுக்கும்.

அதுக்கு அடுத்து டைமிங் பெல்ட், எஞ்சினோட கிராங்க்கையும் வால்வைத் திறக்கிற கேமையும் சேர்த்துச் சுத்துற பெல்ட். இந்த 796 சிசி எஞ்சினுக்குப் பெல்ட்தான், செயின் இல்லை. பில் இல்லாத வண்டியில் பெல்ட் எப்போ மாத்தினாங்கன்னு யாரும் சொல்ல முடியாது, அதனால மாத்தலைன்னே வெச்சுக்கோ. டென்ஷனரையும் சேர்த்து மாத்து. கவரைத் திறந்தப்பவே கிராங்க் சீல், கேம் சீல் கசிவையும் வாட்டர் பம்ப் ஒழுகலையும் பாத்துடு. முதல் தடவை இதை அனுபவமுள்ள ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் செய். பெல்ட் போட்டதும் செல்ஃப் அடிக்கக் கூடாது. பிளக்குகளைக் கழட்டிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு கையால் ரெண்டு முழுச் சுத்து, எஞ்சின் சுத்தற திசையிலேயே திருப்பு. கிராங்க், கேம் சக்கரங்களில் இருக்கிற மார்க் ரெண்டும் திரும்ப நேரா வந்தா சரி. நடுவுல எங்கேயாவது தடுத்தா பலம் போடாம நிறுத்து.

அலாய் வீலுக்கு இந்த 25,000-த்தில் இடம் இல்லை.

மதுரை_எம்பிஎஃப்ஐ:

ஹீட்டையும் மைலேஜையும் சேர்த்துப் பாருங்க. எனக்கென்னவோ ரெண்டும் ஒரே இடத்தில் முடியும்னு தோணுது.

நின்னா ஏறி, ஓடினா இறங்குதுன்னா ரேடியேட்டர் ஃபேன் சுத்தலை. ஓடும்போது எதிர்க்காத்தே ஃபேன் வேலையைச் செஞ்சிடும். ஃபேன் கனெக்டரைக் கழட்டி, நடுவில் ஒரு ஃபியூஸ் வெச்சு பேட்டரியிலிருந்து நேரா கரன்ட் கொடுங்க. சுத்தினா மோட்டார் நல்லா இருக்கு. ஃபியூஸ், ரிலே, சென்சார், வயர்னு பின்னாலே போங்க. சுத்தலைன்னா மோட்டாரில் கார்பன் தேஞ்சிருக்கும்.

நம்ம ஊர்ல ஹீட் ஏறினா ஃபேனைப் பார்க்காம தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம தடுக்கிறது) கழட்டி வீசுற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. அது தப்பு. எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கிற வண்டியில், எஞ்சின் சூடாகாத வரைக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாத்தான் ஊத்தும். வால்வு இல்லாத எஞ்சின் ரோட்டில் ஓடும்போது பதமான சூட்டுக்கு வரவே வராது, மைலேஜ் சரியும். உங்க 11-க்கு இது காரணமா இருக்கலாம். சோதனை சுலபம்: காலையில் ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைங்க. வால்வு இருந்தா சில நிமிஷம் ஹோஸ் குளிர்ச்சியாவே இருந்து, அப்புறம் சட்டுனு சுடும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமா சூடேறினா வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கிச்சு.

துருத் தண்ணியை வடிச்சு, சுத்தத் தண்ணி ஊத்தி ஓட்டி, தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப வடிங்க. கடைசித் தடவை டிஸ்டில்ட் வாட்டர். அப்புறம் கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. மொத்தம் 4 லிட்டர் கலந்து வெச்சுக்கிட்டா போதும். ஏற்கெனவே கலந்து விக்கிற கூலன்ட்டா இருந்தா மேல தண்ணி சேர்க்காதீங்க. ஹீட்டர் நாபை சூடு பக்கம் வெச்சு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சே எஞ்சினை ஓட விட்டு, குமிழி வர்றது நின்னதும் மூடுங்க. குமிழி நிக்காம வந்துக்கிட்டே இருந்தாலோ, ஆயில் மூடிக்கு அடியில் பால் டீ நிறத்தில் படிவு இருந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடிச்சிருந்தா, அதில் அச்சடிச்ச அதே அழுத்த எண் உள்ள மூடி வாங்குங்க. சூடா இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது.

வயரிங்_சேலம்:

புது பேட்டரி, ஆனா செல்ஃப் தயங்குதுன்னா எர்த்தைப் பாருங்க, அதாவது பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போற வயரை. எஞ்சின் ஆஃபில் ராத்திரி முழுக்க நின்ன பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும், 12.2-ன்னா பாதி சார்ஜ்தான். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள்ள இருந்தா ஆல்டர்னேட்டர் சரி.

அடுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைங்க. வேற ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2, 0.3 வோல்ட் வரைக்கும் பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினா எர்த் வயர் துருப்பிடிச்சிருக்கு. பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவிலும் இதே மாதிரி பார்க்கலாம்.

தாராபுரம்_ஆல்டோ:

ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். பார்த்ததைச் சொல்றேன். ஃபேன் நேரா கொடுத்தா சுத்துது. ரிலேயை மாத்திப் போட்டதும் தானாவே ஓடுது. மேல் ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே சூடேறுது. ஹவுசிங்கைத் திறந்தா உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. வலது முன் காலிப்பரில் கீழ் பின் அசையலை. பின் வலது வீல் சிலிண்டரில் ஈரம். எர்த் சோதனையில் 0.9 வோல்ட். ஆக்சில் ரப்பர் பூட் இடது பக்கம் கிழிஞ்சிருக்கு. பிரேக் ஆயிலைத் தனியா ஆள் இல்லாம மாத்த முடியுமா? தரையைக் கிளறினா ஸ்குரூடிரைவர் ஒரு இடத்தில் உள்ளே போயிடுச்சு.

பட்டறைக்காரர்:

நல்லா பார்த்திருக்கே தம்பி. வலது முன்னால இறுக்கம், வலது பின்னால ஒழுகல். இடது இழுப்புக்கு ரெண்டும் காரணம். வீல் சிலிண்டரைப் பின்னால் ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்து. உள்சுவரில் குழி விழுந்த சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போட்டா சீக்கிரமே திரும்ப ஒழுகும். சேஸிஸ் நம்பரைக் கடையில் காட்டி வாங்கு.

பிரேக் ஆயில் மாத்த ஒரு ஆளைக் கூட்டிக்கோ. டாட் 3 அல்லது டாட் 4, சீல் பிரிக்காத டப்பா, 1 லிட்டர். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பிரிச்சு வெச்ச பழைய டப்பா உதவாது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பி: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சக்கரத்துக்குப் பின்னால் ஆயிலை வெளியே விடுற நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கு. அவர் மிதிச்சுப் பிடிக்கணும், நீ நிப்பிளைக் கால் சுத்து திற, பெடல் அடியைத் தொட்டதும் மூடு, அப்புறம்தான் அவர் காலை எடுக்கணும். இந்த வரிசை மாறினா காத்து உள்ளே ஏறும். மாஸ்டர் சிலிண்டருக்கு மேல இருக்கிற டப்பாவில் ஆயில் பாதிக்குக் கீழே போக விடாதே. நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான்; ஓப்பன் ஸ்பேனர் முனையை உருட்டிடும். பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவு, பெயின்ட்டை உரிச்சிடும்.

புது தெர்மோஸ்டாட் வாங்கிப் போடு. அதன் ஹவுசிங் போல்ட் சின்னது, அடியில் அலுமினியம். நீள ஸ்பேனர் போட்டு இறுக்கினா திரெட் போயிடும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு போடு.

டக் டக் சத்தம் வந்தாச்சுன்னா, கிழிஞ்ச பூட் வழியா மண்ணு உள்ளே போய் ஆக்சில் முனையில் இருக்கிற ஜாயின்ட் தேஞ்சாச்சு. பூட் மட்டும் மாத்தினா சத்தம் நிக்காது. ஜாயின்ட்டோ முழு ஆக்சிலோ மாத்தணும். வலது பூட் நல்லா இருந்தா அதைத் தொடாதே.

இதோட எஞ்சின் ஆயில், ஃபில்டர் புதுசு. சூடா இருக்கும்போது வடி, வடி போல்ட்டின் வாஷரை மாத்து. இரண்டரை லிட்டர் ஊத்தி, கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேர். மேல் கோட்டைத் தாண்டாதே.

தகரவேலை:

ஸ்குரூடிரைவர் உள்ளே போன இடத்தில் எம்சீலோ பட்டியோ வைக்காதீங்க. ஓட்டையை மூடும், துரு அடியில் பரவிக்கிட்டே இருக்கும். தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு முதலில் கண்டுபிடிங்க. காய்ஞ்ச தரையில் நியூஸ்பேப்பர் விரிச்சு, ஒருத்தர் உள்ளே டார்ச்சோட உட்காரட்டும், இன்னொருத்தர் வெளியே கீழிருந்து மேலா ஹோஸில் தண்ணி அடிக்கட்டும். முன் கண்ணாடி ரப்பர், கதவு உள்பக்கப் பிளாஸ்டிக் ஷீட், தரையில் உள்ள ரப்பர் அடைப்பான், இந்த மூணில் ஒண்ணாத்தான் பெரும்பாலும் இருக்கும். கூலன்ட் ஊத்தின பிறகு ஈரம் பிசுபிசுன்னு இருந்தா மழைத் தண்ணி இல்லை, ஹீட்டர் கசிவு.

துருப்பிடிச்ச தகரத்தை நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்து, 20 கேஜ் ஷீட் வெச்சு வெல்டிங் அடிக்கணும். இதைத் தகர வேலை செய்ற டிங்கர்கிட்ட விடுங்க. ஆனா பேட்டரியைக் கழட்டியாச்சா, கார்பெட் எடுத்தாச்சா, தரைக்கு அடியில் போற பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் எந்த இடம்னு அவர்கிட்ட காட்டியாச்சான்னு நீங்களே நின்னு பாருங்க. வெல்டிங் முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் எபாக்ஸி பிரைமர், ஜாயின்ட்டில் சீலர், அடியில் அண்டர்கோட். சீலர் காயறதுக்கு முன்னாடி கார்பெட்டைப் போடாதீங்க.

ஆர்சி_பார்த்தீங்களா:

2009 பதிவுன்னா 15 வருடம் 2024-லேயே முடிஞ்சாச்சு. பரிவாகன்கிற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் ஆர்சி எது வரைக்கும் செல்லும்னு பாருங்க. புதுப்பிக்காம இருந்தா படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 வருடத்துக்குப் புதுப்பிக்கணும். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், தாமதத்துக்கு மாசம் 500. பசுமை வரி தனி. பட்ஜெட்டில் இதை மேலே எழுதுங்க. பேர் மாத்த படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் பண்ணாததுக்குக் கிடைச்ச தள்ளுபடி, உங்களுக்கு வராது.

வயரிங்_சேலம்:

0.9 வோல்ட் ரொம்ப அதிகம். எர்த் வயரின் ரெண்டு முனையையும் கழட்டி, உட்காரும் இடத்தைப் பளபளன்னு எமரி அடிச்சு இறுக்குங்க. வயர் உள்ளே பச்சை பூத்திருந்தா புதுசு, அதே தடிமனில். டெர்மினலில் வெள்ளைப் பொடி இருந்தா சமையல் சோடா கரைச்ச தண்ணியில் கழுவி, காய்ஞ்சதும் வாசலின் தடவுங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஆண்ட்ராய்டு செட் பிறகு போடும்போது மஞ்சள் வயர் பேட்டரியின் நிரந்தரக் கரன்ட்டுக்கு, சிவப்பு சாவி போட்டா வர்ற கரன்ட்டுக்கு, கறுப்பு பாடி எர்த்துக்கு. போட்டு முடிச்சதும் சாவியை எடுத்து, கதவெல்லாம் சாத்தி, அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாத்தி நெகட்டிவ் வயருக்கு நடுவில் இணைச்சுப் பாருங்க. அந்த நிலையில் செல்ஃபோ ஹெட்லைட்டோ போடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினா மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கியிருக்காங்களான்னு முதலில் பாருங்க.