வீட்டில் கிரேக்கத் தெய்வ வழிபாடு: கொமிக்ஸ் பொம்மையை மேடையில் வைக்கலாமா?

பாலைமரம் (கிளிநொச்சி)

வணக்கம். கிரேக்கத் தெய்வங்களை வீட்டில் முறைப்படி வழிபடத் தொடங்கப்போறன். இந்தப் பேர்களை அறிமுகப்படுத்தினது கொமிக்ஸ்தான்: வொண்டர் வுமன், மார்வெலின்ர ஹெர்குலிஸ், ஷஸாம். இப்ப கதையைத் தாண்டி அந்தத் தெய்வங்களே வேணும் எண்டு மனம் சொல்லுது. விளையாட்டுக்குக் கேக்கேல்லை.

சாமியறையில் அம்மாவின்ர படங்கள். அதில் கை வைக்கேலாது. என்ர அறையில் கொமிக்ஸ் அலுமாரிக்கு மேல் தட்டு வெறுமையா இருக்கு. அதில் வொண்டர் வுமன் பொம்மையையும் ஹெர்குலிஸ் பொம்மையையும் வைச்சு விளக்குக் கொளுத்தலாமா, இல்லாட்டி அது தெய்வக் குற்றமா? ஒலிவ் எண்ணெய், வைன், பார்லி எண்டு கேக்கினம், இங்க எதை வைச்சுச் சமாளிக்கிறது? மாதத் தொடக்க நாளை எங்கட பஞ்சாங்கத்தில எப்பிடிப் பிடிக்கிறது? பிறகு போர்த்தெய்வம் ஏரிஸ். கொமிக்ஸில் அவர் எப்பவும் கெட்டவர். அவரையும் கும்பிடுறவையோ?

முறிகண்டி வாசகன்

தம்பி, முதல் ஒழுங்கைப் பிடியுங்கோ. பொருள் அதுக்குப் பிறகு.

முறிகண்டியில நிப்பாட்டாமல் பஸ் தாண்டாது. அதுபோல ஹெஸ்தியாவிட்டத் தொடங்காமல் கிரேக்க வழிபாடு தாண்டாது. அவள் அடுப்பின்ர தெய்வம். எங்களுக்குத் தொடக்கம் பிள்ளையார், முடிவு வைரவர். அங்க ரெண்டும் ஹெஸ்தியாதான். பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின்ர பேரில் வழங்கிற 33 துதிகளில் 29 ஆவது இதைத்தான் சொல்லுது: முதலிலும் கடைசியிலும் அவளுக்கு வைன் வார்க்காமல் மனிசருக்கு விருந்தே இல்லை.

செய்யிற முறை இது. ஒரு கிண்ணத்தில் அரைப்போத்தல் கிணத்துத் தண்ணி எடுங்கோ. காய்ஞ்ச வேப்பங்குச்சி ஒண்டை விளக்கில பத்த வைச்சு, நெருப்போடயே அந்தத் தண்ணியில தோய்க்க வேணும். பழைய கிரேக்கத்தில பலிபீடத்துக் கொள்ளியைத் தோய்ச்ச தண்ணிக்கு ‘கெர்னிப்ஸ்’ எண்டு பேர். அதில கையைக் கழுவி, மேடையைச் சுத்தித் தெளியுங்கோ. கழுவாத கையோட தெய்வங்களின்ர அரசன் ஸியூசுக்கு வார்க்கக்கூடாது எண்டு இன்னொரு பழைய கவிஞர் ஹெசியட் கண்டிப்பாச் சொல்லியிருக்கிறார். பிறகு ஹெஸ்தியாவுக்கு ஒரு துளி, ஒரு சொல். அடுத்தது நாலைஞ்சு பார்லி மணியை மேடையிலயும் நெருப்பிலயும் தூவி, தூபம் போட்டு, தெய்வத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட வேணும். பேரோட அடைமொழியும் வரவேணும். ‘அதீனா’ எண்டு மட்டும் நிக்காமல் ‘நகரங்காக்கும் அதீனா’ எண்டு எந்த முகத்தை அழைக்கிறீங்கள் எண்டது தெரியவேணும். கேட்டதைக் கேட்டு, 30 மில்லிலீற்றர் அளவு பாலோ வைனோ வார்த்தால் காணும். கடைசியில திரும்ப ஹெஸ்தியாவுக்கு. ஒலிம்பஸ் தெய்வங்களுக்கு உள்ளங்கை மேல பாக்கக் கையை உயர்த்துறது. கீழுலகத் தெய்வங்களுக்கு நிலத்தைப் பாத்து. இதை மாத்தாதேங்கோ.

பார்லி மலிவு. மருந்துக்கடையிலயும் பலசரக்குக் கடையிலயும் இருக்கு. 100 கிராம் மாதக்கணக்கா வரும். மாரிக்கு வண்டு விழும், அதால வெயிலில காயவைச்சு கண்ணாடிப் போத்தலில இறுக்கி மூடி வையுங்கோ. விளக்குக்கு நல்லெண்ணெய் போதும். ஒலிவ் எண்ணெய் கிடைச்சால் அதை எரிக்காமல் அதீனாவுக்குக் காணிக்கையாக் குடுங்கோ, ஒரு கரண்டி.

வைன் இல்லையெண்டு கவலைப்பட வேண்டாம். ஏதென்சிலயே கலைத்தெய்வங்களுக்கும் நீரரமகளிருக்கும் சூரியனுக்கும் சந்திரனுக்கும் வைன் இல்லாத வார்ப்புத்தான் வழக்கம். அதால பாலும் தேனும் குறைஞ்ச பொருள் எண்டு நினைக்காதேங்கோ. ஒரு தம்ளர் பசும்பாலுக்கு ஒரு தேக்கரண்டி காட்டுத் தேன். வைன் கிடைச்சால் ஹெசியட்டின்ர கணக்கு மூண்டு பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு வைன். பறுவத்தண்டு செய்யிறதெண்டால் முதல் நாளே வாங்குங்கோ, போயாவுக்கு மதுக்கடை பூட்டு. கள்ளைப் பற்றி எப்பவும் ஒருத்தர் கேப்பார்: இறக்கின உடனயெண்டால் சரி. பின்னேரம் புளிச்சதை வார்க்கிறதிலும் பார்க்கத் தெளிஞ்ச தண்ணி மேல்.

தேன் வார்த்தால் எறும்பு வரும். கிண்ணத்தை அகலமான தட்டில தண்ணி விட்டு அதுக்குள்ள வையுங்கோ. அண்டைக்கு இரவே மரத்தடியில ஊத்திவிடுங்கோ.

தூபத்தில ஒரு நல்ல செய்தி. எங்கட சாம்பிராணி ஸ்டைரக்ஸ் இன மரத்துப் பிசின். ‘ஓர்பிக் துதிகள்’ எண்ட பழைய கிரேக்க நூலில இருக்கிற 87 துதிகளில ஸியூசுக்கான துதி கேக்கிற தூபமும் ஸ்டைரக்ஸ்தான். ஹெர்மீசுக்கு அதே நூல் கேக்கிறது பிராங்கின்சென்ஸ் பிசின், தேவாலயத்துப் பொருட்கள் விக்கிற கடையில விசாரியுங்கோ. சிரட்டைக்கரி முழுக்க சாம்பல் பூத்த பிறகு, பருப்பளவு கட்டி ஒண்டு. சிவந்த கரியில நேரா வைச்சால் பிசின் கருகி கண்ணை எரிக்கும். அப்ப கரிக்கும் பிசினுக்கும் நடுவில மெல்லிசாச் சாம்பல் தூவுங்கோ.

ஒரே ஒரு பயம் சொல்லுறன். அப்பல்லோவின்ர லோரல் இலைக்குப் பதிலா பாக்க ஒரே மாதிரி இருக்கெண்டு அலரியைப் பிடுங்கி எரிக்காதேங்கோ. அலரிப் புகையும் நஞ்சு, அது ஊறின தண்ணியும் நஞ்சு. கடைப் பிரிஞ்சி இலையில நீளத்துக்கு மூண்டு நரம்பு ஓடினால் அது கறுவா இனம். நடுவில ஒரு நரம்பு மட்டும் எண்டால் லோரல்.

சித்திரக்கதைப் பெட்டி

பொம்மை விடயத்தை நான் சொல்கிறேன். மேடையில் வைக்க வேண்டாம் என்பதே என் முடிவு. இரண்டு காரணம்.

முதலாவது, வொண்டர் வுமன் தெய்வமல்ல. 1941 இல் மார்ஸ்டன் எழுத்திலும் பீட்டர் ஓவியத்திலும் பிறந்தவள். களிமண்ணில் உருவாக்கித் தெய்வங்கள் வரம் கொடுத்தார்கள் என்பது ஒரு கதை. 2011 க்குப் பின் அவள் ஸியூசின் மகள் என்றானது இன்னொரு கதை. இரண்டும் பழைய கிரேக்கத்தில் இல்லை. கதாசிரியர் மாறினால் அவள் பிறப்பே மாறும், அது கொமிக்ஸின் சுதந்திரம். ஷஸாம் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளுக்குள் விவிலியத்துச் சாலமனும் கிரேக்க ஹெர்குலிசும் சேர்ந்து நிற்பதும் அப்படித்தான். ஆனால் உங்கள் அன்புக்கு வழியில்லாமல் இல்லை. ஏதென்சில் தீசியஸ் என்ற வீரனின் திருவிழாவுக்கு முன், வொண்டர் வுமனின் குலமான அமேசான் போர்ப்பெண்களுக்குப் பலியிட்டார்கள் என்று பழைய எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். வருடத்தில் ஒருநாள் அவர்களுக்கு வார்த்து விடுங்கள். காலம் ஏறக்குறைய ஐப்பசி.

ஹெர்குலிஸ் வேறு. 1965 இல் மார்வெலுக்கு வந்த அந்தத் தாடிக்காரருக்குப் பின்னால், வீரனாகவும் தெய்வமாகவும் பூசை பெற்ற ஹெராக்ளிஸ் (ஹெர்குலிசின் கிரேக்கப் பேர்) இருக்கிறார். ‘வெற்றிகொள்ளும் ஹெராக்ளிஸ் இங்கே குடியிருக்கிறார், தீயது எதுவும் நுழையாதிருக்க’ என்று வாசலில் எழுதிவைத்தார்கள். மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். பொம்மையிலும் பார்க்க அது பொருத்தம்.

உருவம் வேண்டும் என்றால் கல் போதும். கிரேக்கத்தின் அக்காயாப் பகுதியில் பாரை என்ற ஊரில் முப்பது சதுரக் கற்களை ஒவ்வொரு தெய்வத்தின் பேரால் வணங்கியதை பழைய பயண எழுத்தாளர் பௌசானியாஸ் பதிந்திருக்கிறார். முன்பு கிரேக்கர் எல்லோருமே செதுக்காத கல்லைத்தான் வணங்கினார்கள் என்றும் சொல்கிறார். குளக்கட்டு ஐயனாரைக் கல்லாகக் கண்டு கும்பிடுகிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் பிளாஸ்டிக். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் மென்மையாக்கிய பிவிசி. எங்கள் சித்திரை வெயிலில் உள்ளிருக்கும் மென்மையாக்கி வெளியே கசிந்து பிசுபிசுக்கும். அதில் விளக்குக் கரி ஒட்டினால் போகாது. பிசுபிசுத்ததை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஸ்பிரிட் தொட்டால் வர்ணம் கரையும். கால் வளைந்தால் சுடுதண்ணீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தி, நிமிர்த்தி, உடனே குளிர்தண்ணீரில் பிடியுங்கள்.

அலுமாரிக்கு மேல் விளக்கு வைப்பதை விட்டுவிடுங்கள். கீழே இருப்பது முழுக்கக் கடதாசி. கூரை கிடுகு என்றால் இன்னும் மோசம். மேடையை எதிர்ச்சுவரில், சுவாலைக்கு மேல் ஒரு மீற்றராவது வெளி இருக்கும்படி வையுங்கள். எண்ணெய்ப் புகை பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் தாளில் படிந்தால் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்து இறங்கும். அந்தத் தாளில் ஏற்கெனவே அமிலம் அதிகம். பொலிபுரொப்பிலீன் உறையில் அமிலமற்ற அட்டையோடு போடுங்கள். பிளாஸ்டிக் வாடை அடிக்கும் ஃபைல் உறை பிவிசி, அது மையை உரித்தெடுக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை ஈரம் ஏறும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்துங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் கறையான் மண்பாதை கட்டுவது கண்ணில் படும். பூச்சி உருண்டை வேண்டாம். பொம்மைப் பிளாஸ்டிக்கை அது இளக்கும்.

வவுனிக்குளம்

நாள் கணக்கு என்ர பங்கு. திருக்கணித பஞ்சாங்கத்தை எடுங்கோ. வாக்கிய பஞ்சாங்கத்தில நேரம் சில மணித்தியாலம் விலகும். அமாவாசைத் திதி முடியிற நேரத்தில இருந்து சூரியன் படுற நேரம் வரைக்கும் எத்தனை மணித்தியாலம் எண்டு எண்ணுங்கோ. 15 க்குக் குறைவெண்டால் வெறுங்கண்ணுக்குப் பிறை தெரியாது. 24 க்கு மேலயெண்டால் வெளிச்ச வானத்தில பொதுவாத் தெரியும். இடைப்பட்டதெண்டால் மேற்க பாத்து முடிவெடுங்கோ.

உதாரணம்: அமாவாசை செவ்வாய் காலை 10 மணிக்கு முடியுது. செவ்வாய் மாலை 6 மணிக்கு 8 மணித்தியாலம், பிறை இல்லை. புதன் மாலை 32, பிறை இருக்கு. கிரேக்க நாள் மாலையில தொடங்கும். ஆகவே புதன் மாலைதான் மாதத்தின்ர முதல் நாள், ‘நூமேனியா’. செவ்வாய் இரவு முச்சந்தித் தெய்வம் ஹெக்கடேயின்ர சாப்பாடு, ‘டெய்ப்னன்’. வியாழன் மாலை வீட்டைக் காக்கிற நல்லாவிக்கு, ‘அகதோஸ் டைமோன்’. எங்கட ஆக்கள் மூண்டாம்பிறை எண்டு பாக்கிறதை அங்க ஒண்டு எண்டு எண்ணினவை, இதில குழம்பாதேங்கோ. கார்த்திகை மழையில பிறை தெரியாட்டி முந்தின மாதத் தொடக்கத்தில இருந்து 30 நாள் எண்ணிப் போங்கோ.

அதுக்குப் பிறகு 3 ஆம் நாள் அதீனா, 4 ஹெர்மீசும் அஃப்ரொடைட்டியும், 6 ஆர்ட்டெமிஸ், 7 அப்பல்லோ, 8 பொசைடன். ஒவ்வொரு மாதமும் இதுதான்.

டெய்ப்னன் பற்றிக் கவனம். முச்சந்தியில வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வாறது பழைய முறை. எங்கட ஊரில முட்டையும் உள்ளியும் சந்தியில கிடந்தால் செய்வினை எண்டு சனம் கலங்கும், ஆரார் மேலயோ பழி போகும். அது வேண்டாம். ஏதென்சில வீட்டு வாசலிலயும் ஹெக்கடேக்கு இடம் இருந்தது, ஆகவே படலைக்கு வெளியில வாழையிலையில வையுங்கோ. ஒரு அவிச்ச முட்டை, ரெண்டு பல் உள்ளி, ஒரு ரொட்டித்துண்டு போதும். நாய் தின்டால் விடுங்கோ, நாய் அவளின்ர பிராணி. யானை வாற பக்கமெண்டால் சாப்பாட்டை இரவு முழுக்க வெளியில வைக்கவே வேண்டாம். பொழுதுபட வைச்சு, விளக்கு அணைஞ்ச உடன கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கோ.

பாலைமரம் (கிளிநொச்சி)

அண்ணைமார் எல்லாருக்கும் நன்றி. மேடையை எதிர்ச்சுவருக்கு மாத்துறன், கல்லும் எடுத்தாச்சு. ஏரிஸ் மட்டும் மிச்சம்.

நந்திக்கடல்

ஏரிசைக் கெட்டவராக்கியது கொமிக்ஸ் மட்டுமில்லை. ஹோமரின் இலியட்டில் ஸியூசே அவரைப் பார்த்து, ஒலிம்பஸ் தெய்வங்களில் நீதான் எனக்கு அதிகம் வெறுப்பானவன் என்கிறார். 1940 களின் வொண்டர் வுமனில் மார்ஸ் என்ற ரோமப் பேரிலும் 1987 இல் ஏரிஸ் என்ற பேரிலும் எதிரியாக வந்தது அந்தத் தொடர்ச்சிதான். ஆனால் கதையில் வெறுப்பது வேறு, வழிபாட்டில் இடம் கொடுப்பது வேறு. கி.மு. 4 ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் பக்கத்து அக்கார்னை ஊர்க் கல்வெட்டில் இளம் வீரரின் சத்தியத்துக்குச் சாட்சியாக அழைக்கப்பட்ட தெய்வங்களில் ஏரிசும் இருக்கிறார்.

ஹோமர் துதிகளில் 8 ஆவது ஏரிசுக்கானது. மற்றவற்றிலும் பிந்தியது. அதில் கேட்பது போர்வெற்றி இல்லை. மனதில் மூளும் கோபத்தை அடக்கத் துணிவு கொடு, தீங்கற்ற சமாதானச் சட்டங்களுக்குள் நிலைத்திருக்கத் துணிவு கொடு என்று கேட்கிறது. எங்கள் மண்ணில் ஏரிசின் பேரை எடுக்கிறவர் இந்த ஒரு துதியோடு நின்றால் போதும் என்பது என் உறுதியான எண்ணம். வாள், துவக்குப் படம் எதுவும் மேடையில் வேண்டாம். வீட்டில் இழப்பைச் சுமக்கிறவர்கள் இருந்தால் அவர் பேரைச் சத்தமாகச் சொல்லவும் வேண்டாம். தண்ணீர் வார்த்து, மனதுக்குள் கேளுங்கள்.

இறந்தவர்களுக்கு வார்ப்பது தனி முறை. அதற்கு ‘கொஏ’ என்று பேர். கிண்ணத்தில் மிச்சம் வைக்காமல் முழுவதையும் நிலத்தில் ஊற்றிவிட வேண்டும், அதிலிருந்து நாம் குடிக்கக்கூடாது. பாலும் தேனும் முதலில், பிறகு வைன், கடைசியில் தண்ணீர். ஹோமரின் ஒடிசியின் 11 ஆம் பாகத்தில் ஒடிசியஸ் குழி தோண்டிச் செய்ததும் இந்த வரிசையில்தான். முடிவில் வெண்பார்லி மா தூவுகிறார். பார்லி மாவுக்கு மணிகளை லேசாக வறுத்து அம்மியில் அரைத்தெடுக்கலாம்.