கீழாநெல்லி சாப்பிட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

குடியாத்தத்திலிருந்து:

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி சாப்பிட்டுக் குணமானவர்களும் எழுதுங்கள், சாப்பிட்டும் குணமாகாதவர்களும் எழுதுங்கள். நம் பக்கம் கண்ணில் மஞ்சள் தட்டியதும் முதலில் விசாரிப்பது "எந்த ஊரில் மருந்து கொடுக்கிறாங்க" என்பதுதான், ரத்தப் பரிசோதனை எல்லாம் அப்புறம். நான் கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துகிறேன், எங்கள் ஆயா இதே மருந்தை அரைத்துக் கொடுத்தவர். அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

மழைக்கு அப்புறம் வேர்க்கடலைக் கொல்லையில் தானாக முளைத்திருக்கும் செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார். உப்பு, புளி, எண்ணெய் கூடாது. காசு வாங்க மாட்டார். வந்தவர்களில் பெரும்பாலானோர் நன்றாகித்தான் போனார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எதனால் நன்றானார்கள் என்பதுதான் என் கேள்வி.

செடியில் சரக்கு இல்லாமல் இல்லை. இதன் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து 1946-லேயே கட்டுரை வெளியிட்டவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் வேதியியலாளர் டி.ஆர். சேஷாத்ரியும் (சேஷாத்ரி நம் குளித்தலையில் பிறந்தவர்). அந்தப் பொருள்தான் ஃபில்லாந்தின். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஹைப்போஃபில்லாந்தின் கசக்காது. இரண்டும் லிக்னான் என்ற தாவரப் பொருள் வகை, தண்ணீரில் லேசில் கரையாதவை. அதே செடியில் இருக்கும் ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்கள் (துவர்ப்புப் பொருள்கள்) தண்ணீரில் கரைந்துவிடும். அப்படியானால் கஷாயம் வைத்து வடிகட்டிக் குடிப்பவருக்குப் போவது பெரும்பாலும் டானின்தான், முழுச் செடியையும் அரைத்து விழுங்குபவருக்கு இரண்டும் போகிறது. ஆயா ஏன் ஒருநாளும் இதைக் கொதிக்க வைக்கவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். எலியின் கல்லீரல் செல்களைத் தனியாக வளர்த்து அதில் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த லிக்னான்கள் சேதத்தைக் குறைத்தன என்று 1980-களில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது கண்ணாடித் தட்டில் இருந்த செல், மனுஷ உடம்பு இல்லை.

சரி, உங்கள் அனுபவம் சொல்லுங்கள்.

பேரணாம்பட்டிலிருந்து:

சார், என் தம்பி தோல் ஷாப்பில் வேலை செய்கிறான். போன வருஷம் நாலு நாள் காய்ச்சல், சோறு பார்த்தாலே வாந்தி, அப்புறம் சிறுநீர் தேயிலைத் தண்ணி மாதிரி போச்சு. ரத்தம் பார்த்ததில், மஞ்சள் நிறத்தைக் கொடுக்கிற பிலிருபின் 8-க்கு மேல் ஏறியிருந்தது. ஹெபடைடிஸ் ஏ-ங்கிற கல்லீரல் வைரஸ், கெட்ட தண்ணியில் வந்திருக்கு, இதுக்குன்னு தனி மருந்து கிடையாது, ஓய்வெடுக்கணும், கண்ட மாத்திரையும் போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். என் மாமியார் விடுவாங்களா, ஆந்திரா எல்லையில் ஒரு கிராமத்தில் போய் மருந்து வாங்கி வந்துட்டாங்க. நான் மறைக்காமல் டாக்டரிடமே கேட்டேன். அந்தப் பச்சிலையில் வேற எதுவும் கலக்கலைன்னு தெரிஞ்சா உங்க இஷ்டம், ஆனா வாரம் ஒரு தடவை ரத்தம் பார்க்காமல் இருக்காதீங்கன்னு சொல்லிட்டார். அப்படியே செஞ்சோம், படிப்படியா இறங்கி நல்லாயிட்டான். பசி சீக்கிரமே வந்தது, அது மருந்தாலன்னுதான் மாமியார் இன்னைக்கும் சொல்றாங்க. நான் அவங்களோட வாதாடலை. வாரா வாரம் ஊசி குத்தி ரத்தம் பார்த்ததால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து:

நான் நர்ஸ், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மருந்தைக் குறை சொல்ல வரவில்லை, தாமதத்தைப் பற்றிச் சொல்லவே வந்தேன். மலை மேல் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள், உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து புண், மலம் வெள்ளைக் களிமண் மாதிரி போவதாகச் சொன்னார்கள். பல வாரம் பச்சிலை சாப்பிட்டுப் பத்தியமும் இருந்திருக்கிறார். ஸ்கேனில் பார்த்தால் பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. குழாய் அடைத்துக்கொண்டால் எந்தச் செடி என்ன செய்யும்? அன்றைக்கே வேலூருக்கு அனுப்பிக் கல்லை எடுத்த பிறகுதான் மஞ்சள் இறங்கியது. காய்ச்சலோடு கை கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும், அதிலும் நாள் கடத்தக் கூடாது.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் என்று சங்கில் கீழாநெல்லிச் சாறு ஊற்றுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு ஈரக்குலை நடுங்கும். பச்சைக் குழந்தைக்கு பிலிருபின் ரொம்ப ஏறினால் மூளையைப் பாதிக்கும், நீல விளக்கின் கீழே வைக்க வேண்டும், அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். அப்புறம் மணிக்கட்டில் சூடு போடுவது, மூக்கில் சாறு விடுவது இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து மறுபடியும்:

நர்ஸ் அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மஞ்சள் என்பது அடையாளம்தான், நோய் உள்ளே வேறு வேறாக இருக்கும். ஆயாவிடம் வந்தவர்களில் நிறைய பேருக்கு ஹெபடைடிஸ் ஏ இருந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. அது ஓய்வெடுத்தால் சில வாரங்களில் பெரும்பாலும் தானே போய்விடும், கூட எது சாப்பிட்டாலும் பெயர் அதற்குத்தான்.

பிடிவாதமான ஹெபடைடிஸ் பி-யில்தான் உண்மையான சோதனை நடந்தது, அதுவும் சென்னையில். எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், அந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பர்க்கோடு சேர்ந்து 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். உடம்பில் வைரஸைச் சுமந்து கொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது, வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, 2011-இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழுவும் நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே எழுதியது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதற்காக மறைக்க முடியாது. ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தவர்கள் டாக்டர் கொடுக்கும், வைரஸை அடக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பாதீர்கள்.

அணைக்கட்டிலிருந்து:

விவசாயி, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கீழாநெல்லின்னு சந்தையில் கட்டாக விக்கிறதில் கலப்படம் உண்டு, வேணும்னு செய்யறதில்லை, ஒரே மாதிரி நாலஞ்சு செடி சேர்ந்து முளைக்குது. தண்டு சிவந்து, காய் சொரசொரன்னு காம்பே இல்லாமல் ஒட்டிக்கிட்டிருந்தா அது வேற ஜாதி. நம்மது தண்டு பச்சை, காய் வழவழன்னு சின்னக் காம்போட இலைக்குக் கீழே வரிசையா தொங்கும். இன்னொண்ணு, இப்போ கடலைக் கொல்லையில் களைக்கொல்லி அடிக்காத ஆள் கிடையாது. அடிச்ச கொல்லையில் தப்பிச்சு நிக்கிற செடியைப் பிடுங்கி அரைச்சுக் குடிச்சிடாதீங்க. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவுத் தண்ணி பாஞ்ச நிலத்திலும் எடுக்க வேணாம், அந்த மண்ணில் குரோமியம் கிடக்கு. எங்க வீட்டில் கிணத்து மேட்டில் மருந்து அடிக்காத ஒரு பாத்தி இதுக்குன்னே விட்டிருக்கோம். விதை வேணும்னா பழுத்த செடியை ஒரு தொட்டி மேல் தலைகீழா கட்டித் தொங்கவிடுங்க, வெடிச்சு தானே விழுந்துடும், அடுத்த மழைக்கு முளைச்சிடும்.