கல்மரத்தைக் காட்டியும் பையன் நம்பவில்லை, உதவுங்கள்

பல்லாவரத்தில் எங்களோடு இருக்கும் அக்கா மகன், பிளஸ் ஒன் படிக்கிறான். பூமிக்கு வயது 6,000 ஆண்டுதான், புதைபடிவம் எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தில் புதைந்தவை என்று மூன்று மாதமாகச் சொல்கிறான். கார்பன் 14 வைத்துப் பழைய பொருட்களின் வயதைக் கணிப்பது பற்றிச் சொன்னேன், அது சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாதே என்றான், அது சரிதான். போன மாதம் விழுப்புரம் பக்கம் திருவக்கரைக்குக் கூட்டிப்போனேன், அங்கே கல்லாகிப்போன அந்த 2 கோடி ஆண்டு மரங்களையும் வெள்ளம்தான் அடித்து வந்தது என்று ஜியாலஜிக்காரர்களே சொல்வதால் இன்னும் பிடிவாதமாகிவிட்டான். பரங்கிமலையின் சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு என்றால், எப்படி அளந்தார்கள் என்கிறான். நல்ல கேள்வி, எனக்குத்தான் விளக்க வரவில்லை. அவன் விசுவாசத்தில் கைவைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒரே வெள்ளத்தில் உருவாகியிருக்கவே முடியாத பாறை அடுக்கைக் கண்ணால் பார்க்க, சென்னையிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்ப, அவனை எங்கே கூட்டிப்போகலாம்?