செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் இளையோர் மாயக் காதல் நாவல்: ஆற்றலையும் துக்கத்தையும் எப்படிச் சேர்த்து எழுதுவது?

கேள்வி: வளவுக்காரி

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டில் வளர்ந்தவள் நான். இப்போது பதின்வயதினருக்காக ஒரு நாவல் எழுதி வருகிறேன். கதாநாயகிக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள், தந்தை இறந்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவள். சுவரில் கன்னத்தை வைத்தால், அந்த அறையில் முன்பு யார் என்ன பேசியிருந்தாலும் அது அவளுக்குக் கேட்கும். அதே தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துப் பையனுக்கோ, யாருடைய கையைத் தொட்டாலும் அவர்களுடைய வலி தன் உடம்பில் ஏறிவிடும். அவளுடைய கையைப் பிடித்தால் அவள் மறைத்து வைத்திருப்பது முழுவதும் தனக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கத்திலேயே அவன் விலகி நிற்பதுதான் அவர்களுடைய காதல்.

வரைவைப் படித்த இருவரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: ஆற்றல் வந்ததும் துக்கம் காணாமல் போய்விடுகிறதாம். அது உண்மை என்று எனக்கும் படுகிறது. என்னோடு படித்த தோழி ஒருத்தி, அப்பாவைப் பறிகொடுத்த பிறகு சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தபோது, காத்து கருப்பு பட்டிருக்கும் என்று, உடுக்கை அடித்துப் பேய் ஓட்டும் கோடாங்கியிடம் அழைத்துப் போனார்கள். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில் அவள் என்னைத் தேடிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பெரியவர்களைக் கெட்டவர்களாக்காமல், பெண்ணின் துக்கத்தையும் சிறிதாக்காமல் அந்தக் காட்சியை என் கதாநாயகிக்கு நடப்பதாக எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: ஊருணிக்கரை

சகோதரி, வீட்டிலிருந்தே தொடங்குங்கள், ஏனெனில் உங்கள் கதைக்கு வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவரில் சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். வாசகர் அந்தக் குளிர்ச்சியை உணர்ந்த பிறகு குரல் கேட்கட்டும். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி மகன்களுக்கு ஆளுக்கோர் அறை என்று பிரித்துக் கொடுத்து, அவரவர் சாவியை அவரவர் வைத்துக்கொண்டு, வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைத்து, கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் மட்டும் வந்து கதவைத் திறக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை! அவளுடைய தந்தையும் அப்படிப் பிழைக்கப் போனவராக இருந்தால், அவருடைய அறைச் சுவரில் அவருடைய குரல் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். முன்னோர் நூறு வருஷத்துக்கு முன் பேசிய வரவு செலவுக் கணக்கெல்லாம் தெளிவாகக் கேட்க, தந்தையிடமிருந்து "பெட்டிச் சாவி எங்கே, வண்டிக்கு நேரமாகிறது" என்ற ஒரு வரி மட்டும் கிடைக்கட்டும். அந்த ஒரு வரிக்காக அவள் இரவெல்லாம் சுவரோடு ஒட்டி நிற்பாளானால், ஆற்றல் வளர வளர துக்கமும் வளரும்.

பதில் 2: பள்ளி ஆலோசகர்

பதின்வயதுப் பிள்ளைகளோடு நாள்தோறும் பேசுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். கோடாங்கியிடம் அழைத்துப் போகிற அப்பத்தா பெரும்பாலும் அன்பினால்தான் போகிறார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. மகனைப் பறிகொடுத்த துக்கம் அவருக்கும் உண்டு என்பதை ஒரு வரியில் காட்டினாலே அவர் கெட்டவராகத் தெரியமாட்டார். ஆனால் அன்பு இருந்தாலும் தீங்கு நேரும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவில் குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் விட்டுச்சென்ற மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

காதல் அவளைக் குணப்படுத்திவிட்டதாக முடிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதைப் படிக்கும் பிள்ளை, தனக்கும் அப்படி ஒருவன் வந்தால் போதும் என்று காத்திருக்கும். பையன் அவளுக்காக அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழுத்தி, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, திண்ணையில் போய் உட்கார்ந்து காத்திருக்கலாம். காதலுக்கு அதைவிட நல்ல காட்சி எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு 18 வயது ஆகவில்லை என்பதால் நெருக்கம் பேச்சோடும் பார்வையோடும் நிற்பதே சரி.

பதில் 3: ஆத்தங்குடிக்காரன்

எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. பெரிய வீட்டுப் பெண்ணின் வலியைக் காவல்காரர் மகன் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறான் என்றால், அவனுடைய வலி எங்கே போயிற்று? நம் ஊரில் அந்த ஏற்பாடு புதிதல்ல. அதைக் கவனிக்காமல் எழுதினால் அவன் கதையிலும் வேலைக்காரனாகவே நிற்பான்.

அவனுடைய தாயை எங்கள் ஊர்த் தரைக்கல் பட்டறையில் வேலை செய்கிறவராக வையுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் கலந்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் நிரப்புவார்கள். பூ முழுவதும் அடியில், கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். செய்தவர் பார்ப்பது கல்லின் முதுகைத்தான். தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்திக் கண்ணாடியைக் கழற்றும்போதுதான் முகம் தெரியும். சிமெண்ட் அரித்த அந்தத் தாயின் விரல்களைத்தான் அவன் முதன்முதலில் தொட்டு வலியை அறிந்தான் என்று எழுதினால், ஆற்றல் அவனுக்கே சொந்தமாகிவிடும்.

வளவுக்காரி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆத்தங்குடிக்காரர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. அவனுக்கென்று நான் ஓர் ஆசையைக்கூட எழுதியிருக்கவில்லை. முதல் அத்தியாயத்தை, எங்கள் பக்கத்து வீடுகளில் குடும்பமாகக் கூடிக் கும்பிடும் பிள்ளையார் நோன்பு இரவுக்கு மாற்றுகிறேன். தந்தை கையால் வாங்கிய இழையை, அதாவது திரி வைத்த நோன்பு மாவை, இந்த வருஷம் பெரியப்பா கையால் வாங்குகிறாள். 21 நூலால் திரித்த திரி மாவில் எரிய, சுடரோடு அதை வாயில் போட்டுக்கொள்கிறாள். வெளியே முகப்பில், தாயின் கைக்குக் களிம்பு வாங்கப் பணத்தை எண்ணிக்கொண்டு நிற்கிற பையனுக்கு, யாரையும் தொடாமலேயே, முதன்முறையாக நாக்கு சுடுகிறது.