எடிசனில் வீடு ஆடிய வெள்ளிக்கிழமை
எங்கள் நாகை குடும்பக் குழு, 5 ஏப்ரல் 2024 (நம் ஊர் நேரம்). அண்ணன் குடும்பம் இருப்பது அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து எடிசனில்.

இரவு 7:57 – அண்ணி: அத்தை, இங்கே வீடு ஆடியது! எல்லோரும் நன்றாக இருக்கிறோம், பயப்படாதீர்கள்.

7:58 – அம்மா: பூகம்பமா? நியூஜெர்சியில் அதெல்லாம் வராது என்றானே என் பிள்ளை! பாப்பா எங்கே?

8:00 – அண்ணி: என் இடுப்பில்தான். முதலில் பெரிய லாரி வாசலுக்கே வந்துவிட்டது போலச் சத்தம். அப்புறம் தரை நடுங்கியது. மர வீடு, சுவரெல்லாம் கிறீச்சிட்டது. பூஜை அலமாரியில் மணி தானாக ஒலித்தது, அத்தை. அதைக் கேட்டதும் கை கால் ஓடவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி வந்தேன்.

8:01 – அம்மா: கடல் எவ்வளவு தூரம்?

8:01 – அம்மா: முதலில் அதைச் சொல்லு

8:02 – நான்: சித்தப்பா, நீங்கள் சொன்னால்தான் அம்மா கேட்பார். விளக்கேற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். 2004-ல் காலை ஆறரைக்குச் சுமத்ரா பக்கம் ஆடியது, ஒன்பது மணி வாக்கில் சுனாமி நம் கரைக்கு வந்துவிட்டதே. அந்த ஞாபகம்.

8:05 – சித்தப்பா (அம்மாவிடம்): அண்ணி, கடல் வராது. இது நிலத்துக்கு அடியில், வைட்ஹவுஸ் ஸ்டேஷன் என்ற ஊர்ப் பக்கம். அளவு 4.8. சுமத்ராவில் 9.1, கடலடித் தரையே எழும்பியது. இதற்கு அந்தச் சக்தி கிடையாது. நம்பிச் சாப்பிடுங்கள்.

8:06 – அம்மா: சரி தம்பி. அவன் எங்கே, பதிலே காணோம்?

8:09 – அண்ணன்: அம்மா, மன்ஹாட்டன் ஆபீஸில் இருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு ஐந்து தடவை அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குக் கை நடுங்கியது.

8:12 – சித்தப்பா: அம்மாடி, அடுத்த முறை ஆடினால் வெளியே ஓடாதே. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலில் 5.5 வந்தபோது நான் சென்னையில் மூன்றாவது மாடியில் இருந்தேன். மொத்தக் கட்டிடமும் ஒரே படிக்கட்டில் இறங்கியது. எதிர்வீட்டுப் பாட்டி விழுந்து முட்டி பெயர்ந்தது. ஆட்டத்தில் அல்ல, அந்த ஓட்டத்தில். சாப்பாட்டு மேசைக்குக் கீழே புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்.

8:14 – அண்ணி: சரி மாமா. பதற்றத்தில் எதுவும் தோன்றவில்லை.

8:37 – அண்ணன்: இப்போதுதான் போனில் எச்சரிக்கை அலறுகிறது! நாற்பது நிமிடம் கழித்து. சும்மா இருந்தவர்களும் பயந்துபோனார்கள். சித்தப்பா, கலிஃபோர்னியாவில்தானே இதெல்லாம் வரும்?

9:40 – சித்தப்பா: அது பூமியின் பாறைத் தட்டுகள் உரசும் விளிம்பு. நீங்கள் தட்டின் நடுவில் இருக்கிறீர்கள். ஆனாலும் ராமபோ மாதிரிப் பழைய பிளவுகள் கீழே உண்டு, எப்போதாவது நழுவும். 1783-க்குப் பிறகு நியூஜெர்சியில் இவ்வளவு பெரிதாக வந்ததில்லையாம். பாறை பழசு, இறுகியது. வெண்கலத்தைத் தட்டினால் அதிர்வு ஓடுமே, அப்படி மெய்ன் முதல் வர்ஜீனியா வரை ஓடியிருக்கிறது. சின்னச் சின்னதாக இன்னும் வரலாம்.

அதிகாலை 3:32 – அண்ணி: மறுபடி ஆடியது, முன்னைவிடக் கம்மி. மூன்று பேரும் மேசைக்குக் கீழே இருக்கிறோம்.

3:32 – அம்மா: நான் விழித்துத்தான் இருக்கிறேன். பாப்பாவின் தலையில் கையை வைத்துக்கொள்.